அஞ்சல் அசல், சேதி பொய்

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பலருடைய அஞ்சல் பெட்டிக்கு, இணையவழிப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபாலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் கணக்கில் புதிய முகவரி ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்’ என்று அது தொடங்கியது. அதன் கீழே, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஒரு சேதி இருந்தது. விலை உயர்ந்த மேக்புக் கணினி ஒன்று அவர்கள் பெயரில் வாங்கப்பட்டிருக்கிறதாம். இந்தப் புதிய முகவரிக்கு அது போகப்போகிறதாம். நீங்கள் வாங்கவில்லை என்றால் உடனே இந்தத் தொலைபேசி எண்ணில் பேசுங்கள்.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அனுப்புநர் முகவரியை. பார்த்தார்கள். பேபாலின் சொந்த முகவரி, ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. போலி அஞ்சலைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் மின்கையொப்பச் சோதனையிலும் அது தேறியிருந்தது. தேறாமல் எப்படி இருக்கும்? அதை அனுப்பியதே பேபாலின் கணினிதான். ஆனாலும் அது மோசடி. அந்த எண்ணை அழைத்தவர்களிடம் மறுமுனையில் இருந்தவர், கணக்கைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னார். இறக்கினால் கணினி அவர் கைக்குப் போய்விடும்.

அசல் நிறுவனம் அனுப்பிய அசல் அஞ்சல் எப்படிப் பொய் சொல்லும்? ஓர் அஞ்சலை அசல் என்று கணினி சொல்லும்போது அது உண்மையில் எதற்குச் சான்று தருகிறது என்று பார்த்தால்தான் இந்தப் புதிர் அவிழும்.

மின்னஞ்சல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறையை வகுத்த விதிகளுக்கு எஸ்எம்டிபி என்று பெயர். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஜான் போஸ்டெல் அவற்றை 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அன்றைக்கு இணையத்தில் இருந்தவை மொத்தமே சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சார்ந்த ஆய்வகங்களிலும் இருந்தவை. ஒருவர் இன்னொருவர் பெயரில் எழுதி ஏமாற்றுவார் என்ற கவலை அங்கே பெரிதாக எழவில்லை. அதனால் ‘நான் இன்னார்’ என்று அனுப்புகிறவர் சொன்னால் அது மெய்தானா என்று கேட்க அந்த விதிகளில் இடமே வைக்கவில்லை.

தபாலில் வரும் கடிதத்தை நினைத்துக்கொள்ளலாம். உறையின் ஓரத்தில் அனுப்புநர் முகவரி இருக்கும். உள்ளே, கடிதத்தின் தலையில், எழுதியவரின் பெயரும் ஊரும் இன்னொரு முறை இருக்கும். உறையில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்றாலும் தபால்காரருக்கு அதனால் ஒன்றுமில்லை. பெறுநர் முகவரி சரியாக இருந்தால் கொண்டுவந்து போட்டுவிடுவார். மின்னஞ்சலிலும் இதேபோல இரண்டு அனுப்புநர்கள் உண்டு. ஒன்று உறைமேல் இருப்பது. கணினிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது அது. நம் திரைக்கு வருவதில்லை. இன்னொன்று உள்ளே இருப்பது. நாம் பார்ப்பது அதைத்தான். பழைய விதிகளின்படி இந்த இரண்டாவதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: காட்சிப்பெயர். ‘பேபால் சேவை மையம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஏதோ ஓர் இலவச முகவரியிலிருந்து எழுதுவது. மோசடிகளிலேயே மலிவானது இது. ஆனாலும் கைபேசியில் இன்னும் எடுபடுகிறது. பல செயலிகள் அஞ்சல் பட்டியலில் காட்சிப்பெயரை மட்டும் காட்டி, முகவரியை மறைத்துவிடுகின்றன.

இந்த ஓட்டையை அடைக்க மூன்று அடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது எஸ்பிஎஃப். ஒரு நிறுவனம் தன் பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதியுள்ள கணினிகளின் பட்டியலை இணையத்தின் பொதுப் பெயர்ப் பதிவேட்டில் வெளியிட்டுவிடும். அஞ்சலைப் பெறும் கணினி, வந்த இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். நல்ல யோசனைதான். ஆனால் இது சோதிப்பது உறைமேல் உள்ள பெயரை. படிப்பவர் பார்க்கும் உட்பெயரை அல்ல. தவிர, ஒருவர் தனக்கு வந்ததை வேறொரு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிட ஏற்பாடு செய்திருந்தால், நல்ல அஞ்சல்கூடப் பட்டியலில் இல்லாத கணினியிலிருந்து வந்ததாகத் தெரியும்.

இரண்டாவதுதான் இந்தக் கதையின் நடுநாயகம். யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே உருவாக்கிய முறைகள் ஒன்றாகி, 2007-இல் டிகிம் என்ற தரநிலை வந்தது. அனுப்பும் கணினி, அஞ்சலின் உள்ளடக்கத்தையும் அனுப்புநர், தலைப்பு போன்ற சில வரிகளையும் எடுத்து ஒரு கணக்குப் போடும். விடையாக ஒரு நிலையான நீளமுள்ள எண் கிடைக்கும். ஹாஷ் எனப்படும் இதைச் சுருக்கெண் என்று சொல்லலாம். அஞ்சல் இரண்டு வரியானாலும் இருபது பக்கமானாலும் சுருக்கெண்ணின் நீளம் மாறாது. ஆனால் உள்ளே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டாலும் சுருக்கெண் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். அந்தச் சுருக்கெண்ணின்மேல் நிறுவனம் தன்னிடம் மட்டுமே உள்ள தனிச் சாவியால் ஒரு மின்கையொப்பம் இடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி பெயர்ப் பதிவேட்டில் எல்லோருக்கும் கிடைக்கும். பொதுச் சாவியைக் கொண்டு கையொப்பத்தைச் சோதிக்கலாம். புதிதாகக் கையொப்பமிட முடியாது.

ஏன் முடியாது? ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் 1977-இல் கண்டுபிடித்த ஆர்எஸ்ஏ முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண் பொதுச் சாவியில் இருக்கும். பெருக்குவது கணினிக்கு நொடிக்குள் முடிகிற வேலை. பெருக்கி வந்ததைக் கையில் கொடுத்து, எந்த இரண்டு எண்கள் என்று கேட்டால்தான் திணறும். எண் எவ்வளவு நீளமோ அவ்வளவு திணறல். 155 இலக்க எண் ஒன்றை 1999-இல் பிரித்தெடுக்க, ஆய்வாளர் குழு ஒன்று சில நூறு கணினிகளை மாதக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது.

இந்தக் காவல் ஏட்டில் மட்டும்தானா, நடப்பிலும் உண்டா என்பதை எதிர்பாராமல் சோதித்துக் காட்டியவர் ஸக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். 2011 டிசம்பரில் கூகுளிலிருந்து வேலைக்கு அழைத்து அவருக்கு ஓர் அஞ்சல் வந்தது. போலியாக இருக்குமோ என்று அதன் தலைப்பு வரிகளைத் திறந்து பார்த்தார். கூகுளின் கையொப்பச் சாவி வெறும் 512 பிட் நீளம். அதாவது 1999-இல் உடைந்த அதே அளவு. இவ்வளவு பெரிய நிறுவனம் இத்தனை மெல்லிய பூட்டைத் தெரியாமல் போட்டிருக்காது, இது வேலைக்கு ஆள் எடுக்க வைத்த பரீட்சைதான் என்று நினைத்துக்கொண்டார். அமேசானின் வாடகைக் கணினிகளில் சுமார் 75 டாலர் செலவில் 72 மணி நேரத்தில் சாவியை உடைத்தார். பிறகு கூகுளை நிறுவிய செர்கே பிரின் எழுதியதுபோல, இன்னொரு நிறுவனர் லாரி பேஜுக்கு ஓர் அஞ்சல் அனுப்பினார். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு நாளில் கூகுளின் சாவி 2048 பிட்டாக மாறியிருந்தது. பரீட்சையே இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மற்ற நிறுவனங்களையும் தேடிப் பார்த்தார். பேபால் வைத்திருந்தது 768 பிட் சாவி. அந்த அளவையும் ஆய்வாளர்கள் 2009-இலேயே உடைத்திருந்தார்கள். செய்தி 2012 அக்டோபரில் வெளியாக, நிறுவனங்கள் அவசரமாகப் பூட்டுகளை மாற்றின. இன்று வழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவியை யாரும் இதுவரை உடைத்துக் காட்டவில்லை.

மூன்றாவது அடைப்பு டிமார்க். பேபால், கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ முதலானவை சேர்ந்து 2012 ஜனவரியில் அறிவித்தன. முதல் இரண்டு சோதனைகளில் ஏதோ ஒன்றில் தேறிய பெயரும், படிப்பவர் கண்ணில் படும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்பதையும் பெயருக்கு உரியவரே சொல்லிவைக்கலாம்: விட்டுவிடு, ஒதுக்கி வை, திருப்பி அடி. பேபாலுக்கு இதில் தனி அக்கறை இருந்ததில் வியப்பில்லை. அதன் பெயரைச் சொல்லித்தானே ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஈபே என்ற இணையச் சந்தையின் பெயரிலும் பேபால் பெயரிலும் கையொப்பமில்லாமல் வருவதை ஸ்பாம் பெட்டியில்கூடப் போடாமல் வாசலிலேயே நிறுத்த 2008-இலேயே ஜிமெயில் அவர்களோடு சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தது. 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் அஞ்சல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கிவிட்டன.

இந்தச் சோதனைகளின் முடிவை யாரும் பார்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அஞ்சலின் வலது ஓரத்து மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால் மேலேயே மூன்று சோதனைகளின் பெயரும் ‘பாஸ்’, ‘ஃபெயில்’ என்ற முடிவும் இருக்கும். பேபால் பெயரைப் போட்டுக்கொண்டு வந்த அஞ்சலில் டிமார்க்குக்கு நேரே ‘ஃபெயில்’ என்று இருந்தால் அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை.

‘பாஸ்’ என்று இருந்தால்தான் சிக்கல். மோசடிக்காரரும் சில நூறு ரூபாய்க்குத் தனக்கென ஒரு தளப்பெயர் வாங்கலாம். பட்டியலும் கையொப்பமும் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். எல்லாச் சோதனையிலும் முதல் வகுப்பில் தேறுவார். கணினி சொல்வது ‘இந்தப் பெயருக்கு உரியவர்தான் அனுப்பினார்’ என்பது மட்டுமே. அந்தப் பெயர் நாம் நினைக்கும் பெயர்தானா என்று பார்க்கும் பொறுப்பு மனிதக் கண்ணிடம் வந்துவிடுகிறது.

கண்ணோ, நம்ப முடியாத சாட்சி. 2000-ஆம் ஆண்டிலேயே பேபாலின் ஆங்கிலப் பெயரில் கடைசியில் உள்ள சிறிய ‘எல்’லுக்குப் பதில் பெரிய ‘ஐ’யைப் போட்டு ஒரு போலித் தளம் வந்தது. அன்றைய திரைகளில் இரண்டும் ஒரே கோடுதான். 2002-இல் இஸ்ரேலைச் சேர்ந்த கப்ரிலோவிச், கோன்ட்மாகர் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொரு வழியைச் சுட்டிக்காட்டினார்கள். ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் ‘ஏ’ எழுத்து ஒரே வடிவம். ஆனால் கணினிக்கு முன்னது 97-ஆம் எண், பின்னது 1072-ஆம் எண். இரண்டும் வேறு வேறு எழுத்துகள். 2005-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டில், ரஷ்ய எழுத்து ஒன்று கலந்த ‘பேபால்’ தளத்தையே வேறு சிலர் பதிவு செய்து காட்டினார்கள். திரையில் கண்கொட்டாமல் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. அதற்குப் பிறகுதான் உலாவிகள் இத்தகைய கலப்புப் பெயர்களை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் குறியீடாகக் காட்டத் தொடங்கின.

கண் எவ்வளவு ஏமாறும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ரச்னா தமிஜா, ஜே. டி. டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 22 பேரிடம் 20 தளங்களைக் காட்டி, எது அசல், எது போலி என்று கேட்டார்கள். போலியும் கலந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லித்தான் கேட்டார்கள். அப்படியும் பத்தில் நான்கு முறை தவறான பதில். வங்கி ஒன்றின் பெயரில் ‘டபிள்யூ’வுக்குப் பதில் இரண்டு ‘வி’ போட்டிருந்த தளத்தை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அசல் என்றார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் முகவரிப் பட்டையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தின் அழகை வைத்தே தீர்ப்புச் சொன்னார்கள். படிப்பு, வயது, கணினிப் பழக்கம் எதுவும் குறிப்பிடும்படி வித்தியாசம் காட்டவில்லை. ‘எழுத்துப்பிழை இருந்தால் போலி’ என்ற பழைய அறிவுரையும் இனி உதவாது. பிழையில்லாமல் எழுதித்தரச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது.

‘டாட் காம்’ என்று முடியும் தளப்பெயரைப் படிக்க ஒரு முறை மட்டும் சொல்லலாம். வலக்கோடியில் இருக்கும் ‘டாட் காம்’, அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஒரு சொல்: இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உரிமையாளரின் பெயர். அதற்கு இடப்பக்கம் புள்ளி வைத்து எதையும் எழுதிக்கொள்ளலாம். அங்கே ‘பேபால்’ என்று இருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை.

இனி 2025-இன் அஞ்சலுக்கு வரலாம். அதை அனுப்பிய ஆள் எந்தக் கையொப்பத்தையும் உடைக்கவில்லை, எந்த எழுத்தையும் மாற்றவில்லை. பேபாலில் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தார். அதில் புதிய முகவரி சேர்க்கும் பக்கத்தைத் திறந்து, கதவு எண்ணும் தெருவும் எழுத வேண்டிய இடத்தில் மேக்புக் கதையையும் தொலைபேசி எண்ணையும் தட்டச்சு செய்தார். யாராவது முகவரி சேர்த்தால் அதை உறுதிப்படுத்தி அவருக்கே ஓர் அஞ்சல் அனுப்புவது பேபாலின் வழக்கம். கணினி அப்படியே அனுப்பியது. முறைப்படி கையொப்பமும் இட்டது. போன இடம் மோசடிக்காரரின் சொந்த அஞ்சல் பெட்டி. தனக்கு வருவதையெல்லாம் ஒரு நீண்ட பட்டியலுக்குத் தானாகத் திருப்பிவிடும்படி அந்தப் பெட்டியை அவர் அமைத்துவைத்திருந்தார். உள்ளே ஒரு காற்புள்ளிகூட மாறாததால் கையொப்பம் செல்லுபடியானது. இணைப்புக்குப் பதில் தொலைபேசி எண் வைத்ததற்கும் காரணம் உண்டு: கெட்ட இணைப்பைக் கண்டுபிடிக்கக் கணினி வடிப்பான்கள் இருக்கின்றன, ஓர் எண்ணில் யார் எடுப்பார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. இந்த அஞ்சலில் ஒரே ஒரு தடயம்தான் மிச்சமிருந்தது. ‘பெறுநர்’ வரியில் படிப்பவரின் முகவரி இருக்கவில்லை. யாரோ ஒருவருடையது இருந்தது.

அந்தத் தடயமும் இல்லாத வகை இதற்கு முன்பே, 2022-இலேயே உலவியது. பேபாலில் கணக்குள்ள எவரும் எவருக்கும் விலைப்பட்டியல் அனுப்பலாம். அதில் விற்பவர் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. ‘உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது, மறுத்தால் இந்த எண்ணுக்குப் பேசுக’ என்று அந்த இடத்தில் எழுதினார்கள். இங்கே பெறுநர் பெயரும் சரி. கணக்கைத் திறந்து பார்த்தால் விலைப்பட்டியலும் அங்கே இருக்கும்! ஆனால் அது பணம் கேட்கும் கடிதம். பணம் எடுத்ததற்கான பற்று அல்ல. இருப்புத் தொகையையும் நடந்து முடிந்த பரிமாற்றங்களின் பட்டியலையும் பார்த்தால் ஒரு காசும் நகரவில்லை என்பது தெரிந்துவிடும்.

பொருள் விற்பவர்களுக்கு விரிக்கும் வலை இதன் மறுபக்கம். பழைய கேமராவை இணையத்தில் விற்க வைத்தவருக்கு, ‘பணம் வந்துவிட்டது, ஆனால் நிறுத்தி வைத்திருக்கிறோம், கூரியர் எண்ணை அனுப்பினால் விடுவிப்போம்’ என்று ‘பேபால்’ எழுதும். நம்பும்படி இருப்பதற்குக் காரணம், பேபால் உண்மையிலேயே சில விற்பனையாளர்களின் பணத்தைச் சில நாட்கள் நிறுத்தி வைப்பதுண்டு. ஆனால் அப்படி நிறுத்திய தொகை கணக்கிலேயே நிலுவை என்று தெரியும். அஞ்சலில் மட்டும் இருந்து கணக்கில் இல்லாத பணம், வராத பணம்தான். அந்தக் கணக்கையும் அஞ்சலில் உள்ள இணைப்பு வழியே திறக்காமல், செயலியிலோ முகவரியைத் தாமே தட்டச்சு செய்தோ திறப்பது நல்லது. ‘தவறுதலாக உங்களுக்குப் பத்தாயிரம் அனுப்பிவிட்டேன்’ என்று நம் ஊரில் வரும் குறுஞ்செய்திக்கும் இதே சோதனை போதும்.

இந்தியாவில் போலிப் பெயர், பணம் கேட்கும் தந்திரம் ஆகிய இரண்டு ஓட்டைகளையும் அடைக்க 2025-இல் முயற்சிகள் நடந்தன. பெயர்க் குழப்பத்துக்கு ரிசர்வ் வங்கியின் பதில்: இந்திய வங்கிகளின் தளங்கள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும், 2025 அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டும் என்ற உத்தரவு. அந்த முடிவுள்ள பெயரை வங்கியல்லாத எவரும் வாங்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அதைப் பதிவு செய்து தரும். கேட்பை வரவாகக் காட்டும் தந்திரத்துக்கு, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ இன்னும் நேரடியான வழியை எடுத்தது. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொல்லிவிட்டது. ‘பின் எண்ணைப் போட்டால் பணம் வரும்’ என்று ஏமாற்ற அந்த வசதிதான் கருவியாக இருந்தது. யுபிஐயில் பணம் கொடுக்கும்போது பின் எண் கேட்கும். வாங்க அது தேவையே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால் இந்தியாவில் அழைக்க வேண்டிய எண் 1930. போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் அதை இடையில் முடக்கப் பார்ப்பார்கள். அதனால் அந்த அழைப்பை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.